தேக்காவில் 14 பேருக்கு ஒரு மேசை

அலுவலகத்தில் யாரோ விடைபெறுகிறார். அல்லது ஊரிலிருந்து ஒரு குடும்பம் வந்திருக்கிறது. "தேக்கா பக்கம் எங்கயாச்சும் போட்டுரு" என்று ஒருவர் தலையில் வேலை விழுகிறது. அவர் உடனே கைப்பேசியை எடுத்து எந்தக் கடைக்கு எத்தனை நட்சத்திரம் என்று பார்க்க ஆரம்பிப்பார். அது கடைசியாகப் பார்க்க வேண்டியது. தேக்கா எனப்படும் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் நாலு வருஷம் தாக்குப்பிடித்த எந்தக் கடையிலும் சாப்பாடு வாயில் வைக்க முடியாதபடி இருக்காது. இருந்தால் வாடகையே அதை மூடியிருக்கும்.

கூட்டமாகச் சாப்பிடும்போது சொதப்புகிற இடங்கள் வேறு. பாதிப் பேர் கைகழுவிவிட்டு வந்த பிறகு மீதிப் பேருக்குத் தோசை வரும். மீன் தலைச் சட்டி மேசையின் ஒரு கோடியிலேயே நின்றுவிடும். சைவக்காரர் தயிரும் அப்பளமுமாக எழுந்திருப்பார். பில் வந்ததும் ஆளுக்கு ஒரு பக்கம் பார்ப்பார்கள். இவற்றில் எதற்கும் சமையல்காரர் பொறுப்பில்லை. கடையைத் தேர்ந்தெடுத்தவர்தான் பொறுப்பு.

அதனால் எந்தக் கடையைப் பற்றியும் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: அங்கே சாப்பாடு எதிலிருந்து வெளியே வருகிறது? வாளியிலிருந்தா, அண்டாவிலிருந்தா, தோசைக்கல்லிலிருந்தா, தந்தூரி அடுப்பிலிருந்தா?

வாளி, அண்டா, கல், அடுப்பு

வாளி என்றால் வாழையிலைச் சாப்பாடு. ரேஸ் கோர்ஸ் சாலை இதற்குப் பேர்போனது. 1969-இல் தொடங்கிய முத்தூஸ் கறியும் 1974-இல் தொடங்கிய பனானா லீஃப் அப்போலோவும் அங்கேதான் இருக்கின்றன. இலை போட்டதும் ஒருவர் சோற்றோடு வருவார், அடுத்தவர் இரண்டு காயும் அப்பளமும் வைப்பார், மூன்றாமவர் குழம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு வருவார். 14 இலைக்கும் சேர்த்து ஐந்தாறு நிமிடத்துக்கு மேல் ஆகாது. சோறும் காயும் ஏற்கெனவே வெந்து தயாராக இருக்கின்றன, பரிமாறுவது மட்டும்தான் வேலை. 14 பேர் என்றாலும் 40 பேர் என்றாலும் சமையலறைக்கு அது பெரிய வித்தியாசம் இல்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்து ஒரே நேரத்தில் முடிப்பார்கள். கேட்கக் கேட்கச் சோறு வரும் என்பதால் ஜிம்முக்குப் போகும் இளவட்டமும் அரைக்கரண்டி சாப்பிடும் பெரியம்மாவும் ஒரே மேசையில் உட்காரலாம்.

அண்டா என்றால் பிரியாணி. இதுவும் கூட்டத்துக்கு ஏற்றதுதான், ஆனால் கடிகாரத்தைப் பார்த்து நடக்க வேண்டும். தம் உடைக்கும் நேரம் ஒன்று உண்டு. மதியத்துக்குப் போட்ட அண்டாவில் 11.30-க்கும் 1 மணிக்கும் இடையில் கிடைப்பதுதான் சரியான பிரியாணி. 2 மணிக்கு மேல் போனால் அடியில் தங்கிய அரிசி உலர்ந்திருக்கும், நல்ல கறித்துண்டு முன்னால் வந்தவர்களுக்குப் போயிருக்கும். ராத்திரிக்குத் தனியாகத் தம் போடுவார்களா, மதிய அண்டாவையே சூடு பண்ணுவார்களா என்று போனில் கேட்டுவிடலாம். இந்தக் கேள்வியை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. தம் போடுகிற கடைக்காரர் பெருமையாகவே சொல்வார்.

கல்தான் ஆபத்து. ஒரு சைவக் கடையில் 14 பேரும் ஆளுக்கொரு நெய் ரோஸ்ட் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கல் பெரிதாக இருந்தால் ஓர் ஈட்டுக்குச் சாதாரணத் தோசை நாலைந்து ஊற்றலாம். முறுகலான நீள ரோஸ்ட் என்றால் இரண்டு மூன்றுதான். தண்ணீர் தெளித்து, துடைத்து, மாவை இழுத்து, நெய் விட்டு, மொறுமொறுவென்று எழும்பும்வரை பொறுத்துச் சுருட்டி எடுக்க நாலு நிமிடமாவது பிடிக்கும். கல்லின் சூடு ஏறிவிட்டால் மாவு ஒட்டாமல் சுருண்டுகொண்டு வரும், இறங்கிவிட்டால் வெள்ளையாகத் தொய்ந்துபோகும். அதனால் அவசரப்படுத்தியும் பயனில்லை. 14 ரோஸ்டுக்கு ஐந்தாறு ஈடு. அதற்குள் மற்ற மேசைகளின் தோசையும் நடுநடுவே புகுந்துவிடும். முதல் தட்டுக்கும் கடைசித் தட்டுக்கும் இடையில் அரைமணி நேரம் சாதாரணமாக ஓடிவிடும். ரோஸ்டோ ஆறினால் ஐந்து நிமிடத்தில் தொய்ந்துவிடும். அதனால் முதலில் வாங்கியவர் மற்றவர்களுக்காகக் காத்திருக்கவும் முடியாது.

அதற்காகச் சைவக் கடையே வேண்டாம் என்று சொல்லவில்லை. 1924-இல் தொடங்கிய ஆனந்த பவனும் 1947-இலிருந்து சிராங்கூன் சாலையில் இருக்கும் கோமள விலாசும் இந்த வட்டாரத்தின் அடையாளங்கள். அப்படிப்பட்ட இடத்துக்குக் கூட்டமாகப் போனால் சொல்லும் வரிசையை மாற்றினால் போதும். உட்கார்ந்ததும் இட்லி, வடை, பொங்கல் என்று ஆவியிலும் பாத்திரத்திலும் தயாராக இருப்பவற்றை எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிவிடுங்கள். தோசையை அப்போதே சொல்லி, ஏழு ஏழாக இரண்டு தவணையில் கேளுங்கள். முதல் தவணையை ஆளுக்குப் பாதியாகப் பிய்த்துச் சாப்பிட்டால் யார் தட்டும் காலியாக இருக்காது. மதியம் என்றால் தோசைப் பேச்சே எடுக்காமல் சாப்பாடு சொல்லிவிடலாம். அது வாளிக் கணக்கில் வந்துவிடும்.

தந்தூரி அடுப்பு இரண்டுக்கும் நடுவில். நான் ரொட்டி சுவரில் ஒட்டி ஒன்றரை, இரண்டு நிமிடத்தில் வந்துவிடும், ஒரே சமயத்தில் எட்டு பத்து ஒட்டலாம். ஆனால் மசாலா தடவி ஊறிய கோழி கம்பியில் ஏறினால் கால்மணி நேரம் கேட்கும். கோழிக்கு இப்போதே சொல்லிவிட்டு, ரொட்டியை மட்டும் குழம்பு மேசைக்கு வந்த பிறகு கேட்பது முறை. இதைத் தலைகீழாகச் செய்தால் ரொட்டி தோல்போல் ஆகிக்கொண்டிருக்கும், கோழி அடுப்பிலேயே இருக்கும்.

கல்லில் வருவதிலும் ஒரு விதிவிலக்கு உண்டு: கறியும் முட்டையும் உள்ளே வைத்து மடித்துச் சுடும் முர்தபா ரொட்டி. கொஞ்சம் நடந்து கம்போங் கிளாம் பக்கம் போனால், சுல்தான் பள்ளிவாசலுக்கு எதிரே நார்த் பிரிட்ஜ் சாலையில் 1908-இலிருந்து நடக்கும் ஜம்ஜம் போன்ற கடைகளில் பெரிய முர்தபா ஒன்றை மூன்று நாலு பேர் வெட்டிப் பகிரலாம். 14 பேருக்கு நாலு ஐந்து போட்டால் போதும் என்பதால் கல் திணறாது.

மேசையின் அகலம்

உணவகத்தின் நாலு பேர் மேசை பொதுவாக 120 செ.மீ. நீளம், 75 செ.மீ. அகலம். இங்கே இலை என்பது பெரும்பாலும் நறுக்கிய ஏடுதான், நுனியிலை அரிது. அந்த ஏடு கிட்டத்தட்ட 30 செ.மீ. அகலம். எதிரெதிராக இரண்டு ஏடு போட்டால் 60 போய்விடும், நடுவில் மிச்சம் 15. மீன் தலைச் சட்டியின் வாய் 20 முதல் 25. அதற்கு மேல் தண்ணீர்க் குவளை, கைப்பேசி, யாருடையதோ கார்ச் சாவி. சட்டி எங்கே உட்காரும்? ஏதோ ஒரு இலையின் மேல்தான்.

ஆகவே 14 பேருக்கு 14 இருக்கை கேட்கக் கூடாது. நாலு மேசை சேர்த்து 16 இருக்கை கேளுங்கள். எதிரெதிராக இருக்கும் ஒரு ஜோடி இருக்கையை வரிசையின் நடுப்பகுதியில் காலியாக விட்டால் அந்த இடம் சட்டிகளுக்கும் தட்டுகளுக்கும். "ஏன் ரெண்டு சீட்டு சும்மா கெடக்கு" என்று ஊழியர் நாற்காலியை எடுக்க வருவார், எடுத்துக்கொள்ளட்டும். மேசைதான் வேண்டும், நாற்காலி இல்லை.

நீள மேசையில் 14 பேர் உட்கார்ந்தால் பேச்சு தானாக மூன்றாகப் பிரியும். சாப்பாட்டையும் அப்படியே பிரித்துவிடுங்கள்: ஐந்து, ஐந்து, நாலு. எதைச் சொன்னாலும் மூன்றாகச் சொல்லுங்கள். "எல்லாத்துலயும் ஒண்ணு ஒண்ணு, பகிர்ந்து சாப்புடுவோம்" என்பதுதான் கூட்டுச் சாப்பாட்டில் அதிகம் நடக்கும் தவறு. பத்து விதமான தட்டு வரும். ஒவ்வொன்றும் எங்கே வைக்கப்பட்டதோ அங்கேயே தீரும். கோடியில் இருப்பவருக்கு எறா வந்ததே தெரியாது, பில்லில் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். மூன்று விதத் தட்டு, ஒவ்வொன்றும் மூன்று. இதுவே போதும்.

மாடியில் தனி ஹால் இருக்கிறது என்று சொன்னால் சந்தோஷப்படும் முன் படியைக் கேளுங்கள். லிட்டில் இந்தியாவின் பழைய கடைவீடுகளில் ஐந்தடிப் பாதையிலிருந்து (கடை முன்னாலுள்ள கூரையிட்ட நடைபாதை) உள்ளே ஏறவே ஒன்றிரண்டு படி இருக்கும். மாடிப்படி செங்குத்தாகவும் குறுகலாகவும் இருக்கும், மின்தூக்கி பல இடங்களில் கிடையாது. முட்டிவலிக்காரரோ சக்கர நாற்காலியோ குழந்தை வண்டியோ வருகிறது என்றால் பேச்சே தரைத்தளம்தான். கழிவறை எந்த மாடியில் என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

தேக்கா நிலையத்தின் உணவங்காடி பற்றி ஒரு வார்த்தை. ஐந்து பேர்வரை அதற்கு இணையான இடம் கிடையாது. ஏழு பேருக்கு மேல் வேண்டாம். மேசை தரையோடு பொருத்தப்பட்டது, சேர்க்க முடியாது, முன்பதிவு கிடையாது. டிஷ்யூ பாக்கெட் வைத்து மூன்று மேசை பிடிப்பதற்குள் மூவர் காவல் நிற்க வேண்டும். 2021 செப்டம்பரிலிருந்து தட்டைத் திருப்பி வைப்பது கட்டாயம் என்பதையும் வெளியூர் விருந்தாளிகளுக்குச் சொல்லி வையுங்கள்.

யார் எதைச் சாப்பிட மாட்டார்

"எல்லாரும் என்ன சாப்பிடுவீங்க?" என்று குழுவில் கேட்டால் 14 பதில் வரும், ஒன்றும் உதவாது. எதைச் சாப்பிடவே மாட்டீர்கள் என்று கேட்க வேண்டும். சிங்கப்பூர்க் கூட்டம் என்றால் நாலைந்து வேலிகள் தெரியவரும்.

ஹலால் முதலாவது. இங்கே ஹலால் சான்றிதழ் தருவது முயிஸ் எனப்படும் சிங்கப்பூர் இஸ்லாமியச் சமய மன்றம் மட்டும்தான். "பன்றி இறைச்சி இல்லை, பன்றிக் கொழுப்பு இல்லை" என்று கண்ணாடியில் ஒட்டியிருப்பது சான்றிதழ் ஆகாது. முஸ்லிம் உரிமையாளர் நடத்தும், சான்றிதழ் எடுக்காத கடைகளும் உண்டு. சில நண்பர்களுக்கு அது போதும், சிலருக்குப் போதாது. அதை நீங்களாக முடிவு செய்யாமல் அவர்களையே கேளுங்கள். இன்னொன்று: மது விற்கும் கடைக்கு முயிஸ் சான்றிதழ் கிடைக்காது. ஆக, பியரும் ஹலால் சான்றிதழும் ஒரே கடையில் வேண்டும் என்று தேடுவது வீண். இரண்டில் எதை விடுவது என்று முதலிலேயே பேசிவிட்டால் நல்லது. (பியர் வாங்கிக்கொண்டு வெளியே நின்று குடித்துக்கொள்ளலாம் என்ற யோசனையும் வேண்டாம். லிட்டில் இந்தியா மதுக் கட்டுப்பாட்டு வட்டாரம், வார இறுதியில் பொதுவிடத்தில் குடிக்கக் கூடாது.)

சைவம் ஒரே சைவம் இல்லை என்பதில்தான் பலர் சறுக்குவார்கள். நம்முடைய சைவத்தில் முட்டை கிடையாது, வெங்காயம் பூண்டு உண்டு. சீன பௌத்த சைவத்தில் வெங்காயம், பூண்டு, லீக் போன்ற வாசனைப் பூண்டுகள் கிடையாது. குஜராத்தி சமணர் ஒருவர் இருந்தால் உருளைக்கிழங்கும் கேரட்டும் கூடாது. "நம்ம சைவக் கடைதானே, எல்லாருக்கும் சரியா வரும்" என்று சீனத் தோழியைக் கூட்டிப்போனால் சாம்பாரில் சின்ன வெங்காயம் மிதக்கும், மசால் தோசைக்குள் வெங்காயம், சில சட்னிகளிலும் அதுவே. அவருக்கு மிஞ்சுவது இட்லி, தேங்காய்ச் சட்னி, தயிர், கேசரி. அதையும் தாளிப்பு என்ன என்று கேட்டுவிட்டுத்தான் தர வேண்டும்.

14 பேரில் இரண்டு சைவக்காரர்கள், மற்றவர்கள் மீன் தலைக்காக வருகிறார்கள் என்றால் இலைக் கடைக்குப் போகலாமா? சைவக்காரர்களைக் கேட்டுத்தான். குழம்பு பரிமாறுபவர் கையில் மீன் குழம்பு, கோழிக் குழம்பு, பருப்பு என்று அடுத்தடுத்த கிண்ணங்கள் இருக்கும். வேகத்தில் கரண்டி மாறும். "அதே கரண்டிதான், பரவாயில்ல" என்பவருக்குப் பிரச்சினை இல்லை. விரதக்காரருக்குப் பிரச்சினைதான். அப்படியானால் அவர்களை மேசையின் ஒரே பக்கத்தில் சேர்த்து உட்காரவைத்து, சாம்பாரும் ரசமும் தனிக் கிண்ணத்தில் சமையலறையிலிருந்து நேராக வரவேண்டும் என்று பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். பாதிக்குப் பாதி சைவம் என்றால் யோசிக்கவே வேண்டாம், எல்லாருமாகச் சைவக் கடைக்குப் போய்விடலாம். ஒரு வேளை மீன் இல்லாமல் யாரும் இளைத்துவிட மாட்டார்கள்.

மாட்டிறைச்சி இன்னொரு வேலி. இந்துக்கள் மட்டுமல்ல, குவான்யின் தெய்வத்தை வழிபடும் சீனர்கள் பலரும் தொட மாட்டார்கள். கோழி முர்தபா சொன்ன இடத்தில் மாட்டு முர்தபா வந்து சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள், பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

ஒவ்வாமையில் முந்திரியும் வேர்க்கடலையும் எல்லாருக்கும் நினைவுக்கு வரும்: குருமாவின் அரைப்பில் முந்திரி, சில சட்னிகளில் கடலை. கோதுமை ஆகாதவர் விஷயத்தில்தான் பெருங்காயம் மறந்துபோகும். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். அரிசி இட்லி பாதுகாப்பு என்று நினைத்துச் சாம்பாரை ஊற்றிவிட்டால் கோதுமை உள்ளே போய்விடும்.

காரம் பற்றி: "காரம் கம்மியாப் போடுங்க" என்று சொல்வது பாதி உணவுக்குத்தான் பலிக்கும். குழம்பு காலையிலேயே கொதித்து இறங்கியது, அதில் ஒன்றும் செய்ய முடியாது. அப்போதைக்கப்போது வாணலியில் போடும் கோழி மசாலா, மைசூர் மட்டன், வறுத்த எறா போன்றவற்றில் மிளகாயைக் குறைக்கலாம். காரம் தாங்காதவருக்குப் பருப்பும் தயிரும் பொரித்த கோழியும் சொல்லுங்கள். குழம்பைத் திருத்தச் சொல்லி வாக்குவாதம் வேண்டாம்.

போனில்

கூப்பிட நல்ல நேரம் வார நாளில் பிற்பகல் 3 முதல் 5 வரை. மதியக் கூட்டம் போயிருக்கும், ராத்திரிக் கூட்டம் வந்திருக்காது, பேச ஆள் இருப்பார். பேச்சு இப்படி இருந்தால் போதும்:

"அண்ணே, சனிக்கிழமை ராத்திரி ஏழு மணிக்கு 14 பேரு. 16 சீட்டு போட்டு நாலு மேசை சேத்துத் தர முடியுமா? கீழயே வேணும்."

"சேத்துத் தரலாம். ஆனா ஏழேகாலுக்குள்ள வந்துரணும் தம்பி, ஒம்போது மணிக்கு அடுத்த புக்கிங் இருக்கு."

"சரிண்ணே. மூணு மீன் தலை, நடுத்தர அளவு, இப்பவே சொல்லிர்றேன். ரெண்டு பேரு சைவம், அவங்களுக்குச் சாம்பார் தனியா உள்ளேருந்து வரணும். கேக்கு கொண்டாரலாமா?"

"ஹலால் கேக்கா?"

அந்தக் கடைசிக் கேள்வி முக்கியமானது. பிறந்தநாள் கேக்கை எடுத்துக்கொண்டு சுத்த சைவக் கடைக்குப் போனால் முட்டைக்காக வாசலிலேயே நிறுத்துவார்கள். ஹலால் சான்றிதழ் வைத்திருக்கும் கடையிலும் ஹலால் இல்லாத வெளிக் கேக்கை அனுமதிக்க மாட்டார்கள், சான்றிதழ் போய்விடும் என்ற பயம் நியாயமானது. கேட்காமல் கொண்டுபோனால், மெழுகுவர்த்தி ஐந்தடிப் பாதையில் நின்றபடி ஊதப்படும்.

மேசையை எத்தனை மணி நேரம் விடுவார்கள், முன்பணம் உண்டா, ஆள் குறைந்தால் எத்தனை மணிக்குள் சொல்ல வேண்டும், இவற்றையும் அதே பேச்சில் முடித்துவிடுங்கள். சொன்னதை எல்லாம் ஒரு குறுஞ்செய்தியாகக் கடை எண்ணுக்கு அனுப்பிவிட்டால் அன்றைக்கு வேறு ஊழியர் இருந்தாலும் காட்டலாம்.

நாள் பார்ப்பதிலும் ஒரு கணக்கு உண்டு. ஞாயிறு மாலை லிட்டில் இந்தியா வெளிநாட்டு ஊழியர்களுடைய நாள். வாரம் முழுக்க உழைத்தவர்கள் கூடும் இடம் அது. நடைபாதையில் தோள் இடிக்காமல் 14 பேரைக் கூட்டிச் செல்வது சிரமம். புரட்டாசி சனிக்கிழமைகளில் சிராங்கூன் சாலை ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயில் கூட்டம் சைவக் கடைகளில் வந்து இறங்கும். தைப்பூசம் அன்று அந்தக் கோயிலிலிருந்துதான் காவடி டேங்க் சாலைக்குப் புறப்படும், சாலைகள் அடைபட்டிருக்கும். ரமதானில் நோன்பு திறக்கும் நேரம் இங்கே எப்போதும் ஏழு மணியை ஒட்டியே வரும், அதனால் ஹலால் கடைகளில் ஏழு மணி மேசை முதலிலேயே போய்விடும். செவ்வாய், வெள்ளி உங்கள் கூட்டத்திலேயே பாதிப் பேர் சைவமாகிவிடுவார்கள். என்னைக் கேட்டால் புதன் அல்லது வியாழன் ராத்திரி, இல்லாவிட்டால் சனி மதியம் 11.45.

எவ்வளவு சொல்வது

இலையோடு சோறு, இரண்டு காய், அப்பளம், குழம்பு, ரசம் வந்துவிடும். இதை மறந்துவிட்டுத்தான் ஆளுக்கொரு தட்டு என்று சொல்லி மேசையை நிரப்புவார்கள். நாலைந்து பேர் கொண்ட ஒரு செட்டுக்கு நடுத்தர மீன் தலை ஒன்று, கறி அல்லது கோழி ஒன்று, வறுவல் ஏதாவது ஒன்று. அவ்வளவுதான். மூன்று செட்டுக்கு ஒன்பது தட்டு. போதவில்லை என்றால் அரைமணி கழித்து ஒன்று கூடச் சொல்லலாம், வறுவல் பத்து நிமிடத்தில் வரும். கூடச் சொன்னதைத் திருப்ப முடியாது, தபாவ் (கட்டிக்கொண்டு போகும்) பெட்டியில்தான் போகும். பிரியாணிக் கடை என்றால் சிறுவர்களையும் குறைவாகச் சாப்பிடுகிறவர்களையும் கழித்து 14 பேருக்கு 11 பிரியாணி, கூட இரண்டு தட்டு வெறும் சோறு.

மீன் தலை என்றதும் வெறும் எலும்பு என்று முகம் சுளிப்பவர் ஒருவர் இருப்பார். இது கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் இருந்து வந்த பழைய பண்டம் இல்லை, சிங்கப்பூரில் பிறந்தது. போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் சோஃபியா சாலையில் கடை நடத்திய கேரளக்காரர் எம்.ஜே. கோமஸ், சீன வாடிக்கையாளர்கள் விரும்பும் தலையை நம் புளிக்குழம்பில் போட்டார் என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. சிவப்பு மீனின் தலை, கூடவே வெண்டைக்காயும் கத்தரிக்காயும். சட்டி வந்ததும் ஆளாளுக்குக் கரண்டியை விட்டுக் கிளறினால் ஐந்தே நிமிடத்தில் முள்ளும் தோலும் குழம்பில் கலந்து யாருக்கும் ஒன்றும் கிடைக்காது. ஒருவர் மட்டும் பிரிக்கட்டும். செவுளுக்கு முன்னால் கன்னம், பக்கத்துக்கு ஒரு துண்டு, கரண்டியால் நெம்பினால் முழுதாக வந்துவிடும். அதிகச் சதை இருப்பது தலைக்குப் பின்னால், கழுத்தோடு வெட்டிய இடத்தில். அங்கே ஆளுக்கு ஒரு துண்டு தாராளமாகக் கிடைக்கும். கண்ணும் உதட்டுப் பக்கமும் பிசுபிசுப்பானவை, வேண்டும் என்று கேட்பவருக்குத் தரலாம். அப்படி ஒருவர் எப்படியும் இருப்பார். சிறுபிள்ளைகளுக்குச் சட்டியில் கைவைக்காமல் மீன் கட்லெட் சொல்லிவிடுங்கள்.

பில்

விலைப்பட்டியலில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் ஒன்று சேவைக் கட்டணம் 10 விழுக்காடு, மற்றது பொருள் சேவை வரி. அந்த வரி 2024 ஜனவரியிலிருந்து 9 விழுக்காடு. இரண்டையும் கூட்டி 19 என்று கணக்குப் போடுவார்கள், அது சரியில்லை. சேவைக் கட்டணத்தைச் சேர்த்த தொகையின் மேல்தான் வரி. ஆளுக்கு 20 வெள்ளி என்றால் 22 ஆகி, பிறகு 23 வெள்ளி 98 காசு ஆகும். 14 பேருக்கு 280 என்று மனதில் போட்டுவைத்தது பில்லில் 335 வெள்ளி 72 காசாக வந்து நிற்கும். கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு கூட. ஆண்டு விற்றுமுதல் 10 லட்சம் வெள்ளியைத் தாண்டாத சின்னக் கடைகள் இந்த வரிக்குப் பதிவு செய்யக் கட்டாயம் இல்லை, பலவற்றில் சேவைக் கட்டணமும் கிடையாது. அங்கே 280 என்றால் 280தான். சேவைக் கட்டணம் வாங்கும் இடத்தில் தனியாக டிப்ஸ் வைக்கும் வழக்கம் இல்லை.

பங்கு பிரிப்பதில் சமமாகப் பிரித்தால் சைவக்காரருக்கு அநியாயம், தட்டுத் தட்டாகப் பிரித்தால் நேரம் போய்விடும். நடுவழி: இலைக்கான தொகையை 14-ஆல் வகுக்க வேண்டும், மீனுக்கும் கறிக்கும் ஆன தொகையை அவற்றைச் சாப்பிட்டவர்கள் எண்ணிக்கையால் மட்டும். ஒவ்வொருவர் பங்கையும் கடைசியில் 1.2-ஆல் பெருக்கினால் கட்டணமும் வரியும் அடங்கிவிடும், சரியான எண் 1.199. ஒருவர் அட்டையில் முழுதும் கட்டிவிட்டு, பேநவ் (கைப்பேசியில் பணம் அனுப்பும் வசதி) எண்ணைக் குழுவில் போட வேண்டும். அதைக் கடையை விட்டு எழும் முன் போடுங்கள். ரயில் ஏறிய பிறகு போட்டால் மூன்று பேர் பங்கு அடுத்த மாதம்தான் வரும்.

ஒன்பது மணிக்கு அடுத்த கூட்டம் வாசலில் நிற்கும், பேசி முடித்திருக்க மாட்டீர்கள். கடைக்காரர் இரண்டாம் தடவை தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால் எழுந்துவிடுங்கள். பக்கத்துக் காப்பிக்கடை எதிலாவது 14 தே தாரிக் (ஆற்றித் தரும் பால் தேநீர்) சொன்னால் இரண்டே தடவை ஆற்றினால் வந்துவிடும், நின்றுகொண்டே குடிக்கலாம்.